அழுதுகொண்டு வந்த சிறுவன்: முதல் வகுப்பைப் பற்றி நம் வரலாறு பெற்றோருக்குச் சொல்வது

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, கி.பி. 624இல், பத்ருப் போர் நடந்தது. சிறைப்பட்ட மக்கத்துக் குறைஷியருள் சிலரிடம் மீட்புத் தொகை கொடுக்கப் பொருள் இல்லை. அவர்களுள் எழுதத் தெரிந்தவர்கள் மதீனத்து அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கட்டும், அதுவே அவர்களுடைய மீட்பு என்று நபி (ஸல்) அவர்கள் முடிவு செய்தார்கள். கல்வியின் சிறப்பைப் பேசும் மேடைகளில் இச்செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

ஆனால் முஸ்னத் அஹ்மதில் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் அந்த அறிவிப்பு அவ்விடத்தில் முடிவதில்லை. ஒருநாள் ஒரு சிறுவன் அழுதுகொண்டே தன் தந்தையிடம் வந்தான். என்ன நேர்ந்தது என்று தந்தை கேட்டார். ஆசிரியர் அடித்துவிட்டார் என்றான் மகன். பத்ரில் பட்ட தோல்விக்கு என் பிள்ளையிடமா பழி தீர்க்கிறான் என்று வெகுண்ட தந்தை, இனி அவனிடம் நீ போகவே வேண்டாம் என்று கூறிவிட்டார்.

முஸ்லிம் சமூகத்தின் முதல் எழுத்துப் பள்ளியைப் பற்றிய செய்தியிலேயே ஓர் அழும் பிள்ளையும், காரணம் கேட்கும் ஒரு தந்தையும் இருக்கிறார்கள். அந்தத் தந்தை, நீ என்ன தவறு செய்தாய் என்று தொடங்கவில்லை. என்ன நேர்ந்தது என்று கேட்டார். பிள்ளை முதல் வகுப்பிற்குப் போகத் தொடங்கும் ஆண்டில் பெற்றோர் அறியவேண்டியவற்றுள் முதன்மையானது இந்தக் கேள்விதான் என்று எண்ணுகிறேன். இதன் பின்னர் வந்த நூற்றாண்டுகளில் நம் அறிஞர்கள் இக்கேள்வியை எவ்வளவு தூரம் எடுத்துச் சென்றார்கள் என்பதை இக்கட்டுரை சுருக்கமாகக் காண முயல்கிறது.

குத்தாப்: முதல் எழுத்தின் வீடு

சிறுவர்கள் எழுத்தும் குர்ஆனும் கற்கும் தொடக்கப் பள்ளிக்கு அரபியில் குத்தாப் என்றும் மக்தப் என்றும் பெயர். இரண்டும் எழுத்து என்னும் பொருள்தரும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. நம் ஊர்களில் ஓதப்பள்ளி என்று வழங்குவதும் இதன் வழித்தோன்றலே.

மக்காவில் வளர்ந்த ஓர் அனாதைச் சிறுவனுடைய குத்தாப் நாள்களை நூல்கள் குறிக்கின்றன. அவருடைய தாயாரிடம் ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லை. ஆயினும் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடவில்லை. ஆசிரியர் வெளியே செல்லும்போது மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையே கட்டணமாக ஏற்றுக்கொள்ள ஆசிரியர் இசைந்தார். அச்சிறுவர்தான் பிற்காலத்தில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). கி.பி. 767இல் பிறந்தவர்; தமிழ் முஸ்லிம்களுள் கடற்கரையூர்களில் வாழ்வோர் பலர் இன்றும் பின்பற்றும் மத்ஹபின் தலைவர். ஏழைத் தாய் ஒருத்தியின் விடாப்பிடியும், ஓர் ஆசிரியரின் இரக்கமும் இல்லாதிருந்தால் அந்தத் தொடக்கம் எவ்வாறு அமைந்திருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.

கைரவானின் ஆசிரியர் ஒழுங்கு

இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரில் வாழ்ந்தவர் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (817–870). மாலிகி மத்ஹபின் பேரறிஞர் ஸஹ்னூனின் மகன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று தனியே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய அரபு நூல்களுள் ஒன்று இவருடைய ஆதாபுல் முஅல்லிமீன். சிறிய நூல்தான். ஆனால் அதில் தத்துவம் குறைவு, நடைமுறை மிகுதி. பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோரும் ஏற்கும் ஆசிரியரும் எதற்கெல்லாம் பொறுப்பு என்பதை வினா விடையாக அது பேசுகிறது.

செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கவனம் கொடுக்கவேண்டும். கொடுக்காதவர் நம்பிக்கைத் துரோகியாவார். ஆசிரியர் தம் சொந்த வேலைகளுக்குப் பிள்ளைகளை ஏவக்கூடாது. பேசிய கட்டணத்துக்கு மேல் பிள்ளைகளிடம் அன்பளிப்புக் கேட்கக்கூடாது. பாட நேரத்தில் பள்ளியை விட்டுப் போய்விடக்கூடாது. பெருநாள்களுக்கு எத்தனை நாள் விடுமுறை என்பதுகூட அந்நூலில் உண்டு.

அடிப்பதைப் பற்றி அந்நூல் கூறுவதை மறைக்காமல் சொல்லவேண்டும். அக்காலத்தில் உலகெங்கும் ஆசிரியர் கையில் பிரம்பு இருந்தது. இப்னு ஸஹ்னூனும் அதை முற்றாக நீக்கிவிடவில்லை. ஆனால் கடுமையான எல்லைகளை வகுத்தார். மூன்று அடிக்கு மேல் கூடாது. தலையிலும் முகத்திலும் அடிக்கவே கூடாது. கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அடிப்பது கூடாது, பிள்ளையின் நலனே நோக்கமாக இருக்கவேண்டும் என்றார். அவருடைய தந்தை ஸஹ்னூனோ இதைவிட ஒருபடி மேலே சென்றிருக்கிறார். தம் மகனின் ஆசிரியரிடம், பாராட்டினாலும் மென்மையான சொல்லினாலும் அன்றி என் மகனைத் திருத்தாதீர்கள், அடியாலும் கடுமையாலும் திருந்துகிறவன் அல்லன் அவன் என்று கேட்டுக்கொண்டதாக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. ஆசிரியர்களுக்கு ஒழுங்கு வகுத்து நூல் எழுதிய மகன், அவ்வாறு மென்மையாக வளர்க்கப்பட்ட பிள்ளை என்பது எண்ணத்தக்கது.

அந்நூலில் என் மனத்தில் நின்றுவிட்ட செய்தி வேறொன்று. பிள்ளைகள் பலகையில் மையால் குர்ஆன் வசனங்களை எழுதிப் படித்து, பின்பு அழித்துவிட்டு அடுத்ததை எழுதுவார்கள். அழிப்பது எப்படி என்ற கேள்விக்கு விடையாக, நபித்தோழர் அனஸ் (ரலி) வழியாக ஒரு செய்தி அதில் வருகிறது. தொடக்ககாலப் பள்ளிகளில் ஒரு தொட்டி இருந்தது. முறை வைத்து நாள்தோறும் ஒரு பிள்ளை தூய நீர் கொண்டுவந்து அதில் ஊற்றும். பலகைகளை அதில் கழுவுவார்கள். பிறகு நிலத்தில் குழிதோண்டி அந்நீரை ஊற்றிவிடுவார்கள். எழுத்தை மதிப்பது எப்படி என்பதை அந்தப் பிள்ளைகள் யாரும் உரை நிகழ்த்திக் கற்கவில்லை. நீர் சுமந்து கற்றார்கள்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே கைரவானில் வாழ்ந்த, கண்பார்வையற்ற அறிஞர் அபுல் ஹசன் அல்காபிஸீ (மறைவு 1012) இப்பொருளை இன்னும் விரித்து எழுதினார். பிள்ளையைக் கற்பிக்கும் கடமை தந்தைக்குரியது. தந்தை இல்லையெனில் பொறுப்பாளர்க்கு. அவருக்கும் இயலாவிடில் முஸ்லிம் சமுதாயத்துக்கு என்று அவர் வரிசைப்படுத்தினார்.

எந்த வயதில், எவ்வளவு

மருத்துவ மேதை இப்னு சீனா (980–1037) தம்முடைய அல்கானூனில் பிள்ளை வளர்ப்புக்கும் இடம் ஒதுக்கினார். ஆறு வயதில் பிள்ளையை ஆசிரியரிடம் அனுப்பலாம் என்றும், அதையும் படிப்படியாகச் செய்யவேண்டும், ஒரே மூச்சில் புத்தகத்தோடு கட்டிப்போடக்கூடாது என்றும் அதில் எழுதினார். பிள்ளைக்குத் தனி ஆசிரியரை வைப்பதைவிட நற்பண்புள்ள மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவைப்பது நல்லது என்பதும் அவருடைய கருத்து. பிள்ளை பிள்ளையிடமிருந்து எளிதில் கற்கிறது. தனியே ஆசிரியர் முன் அமர்ந்திருப்பது இருவருக்குமே சலிப்பைத் தரும் என்றார்.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் இஹ்யா உலூமித்தீனில் பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தனியே பேசுகிறார். பிள்ளையின் உள்ளம் எந்தக் கோடும் இழைக்கப்படாத விலையுயர்ந்த மணி போன்றது என்பது அவர் தரும் உவமை. அவ்விடத்தில் அவர் கூறும் மூன்று செய்திகளை இன்றைய பெற்றோர் குறித்துக்கொள்ளலாம். பள்ளி முடிந்து வரும் பிள்ளையை அதன் களைப்புத் தீர நன்றாக விளையாடவிடவேண்டும். விளையாட்டைத் தடுத்துப் படிப்பிலேயே நெருக்கினால் உள்ளம் செத்து, அறிவு மழுங்கி, படிப்பிலிருந்து தப்பிக்கும் வழியைத்தான் பிள்ளை தேடும். நல்லது செய்தால் பலர் அறியப் பாராட்டவேண்டும். ஒருமுறை தவறினால், குறிப்பாகப் பிள்ளை அதை மறைக்க முயன்றால், காணாதது போல் விட்டுவிடலாம். எப்பொழுது பார்த்தாலும் கடிந்துகொண்டே இருக்கக்கூடாது. அப்படிச் செய்தால் கண்டிப்புக்குப் பிள்ளையின் மனத்தில் மதிப்பு இல்லாமற் போகும்.

இங்கே இன்னொன்றையும் நினைவுகொள்வோம். தொழுகையே ஆனாலும், ஏழு வயதில்தான் பிள்ளைகளை அதற்கு ஏவும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மார்க்கத்தின் தூணுக்கே அந்த வயதுவரை காத்திருக்கச் சொன்ன சமுதாயத்தில், ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாய்ப்பாடு வரவில்லையென்று வீடு முழுவதும் கலங்குவது பொருத்தமாகுமா?

இப்னு கல்தூன் கண்ட தீமை

வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) 1377இல் முகத்திமாவை எழுதினார். முஸ்லிம் நாடுகள் சிறுவர்க்குக் கற்பிக்கும் முறைகளை அதில் ஒப்பிட்டார். மக்ரிபில் குர்ஆனை மட்டுமே முதலில் ஓதவைத்தார்கள். அந்தலூசியாவில் குர்ஆனோடு கவிதை, கடிதக்கலை, இலக்கணம், கையெழுத்து ஆகியவற்றையும் சேர்த்தார்கள். இஃப்ரீகியாவில் குர்ஆனோடு நபிமொழியும் இடம்பெற்றது. முதலில் மொழியும் கவிதையும், பின்பு கணக்கும், அதன் பின்னரே குர்ஆனும் என்று வரிசையை மாற்றச் சொன்ன காழி அபூபக்ர் இப்னுல் அரபியின் யோசனையையும் எடுத்துக்காட்டி, அது நல்ல முறைதான், ஆனால் மக்களின் வழக்கம் அதற்கு இடந்தராது என்றார். ஆக, எதை முதலில் கற்பிப்பது என்பதில் நம் முன்னோரிடையே ஒரே கருத்து இருந்ததில்லை. அவரவர் நாட்டுக்கு ஏற்ப அது மாறியது.

ஆனால் ஒன்றில் இப்னு கல்தூன் உறுதியாக இருந்தார். கடுமை மாணவர்க்கு, அதிலும் சிறு பிள்ளைகளுக்கு, தீங்கு செய்யும் என்பதற்கு ஒரு தனிப் பகுதியே ஒதுக்கினார். அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் மனம் சுருங்கும். ஊக்கம் போய்ச் சோம்பல் வரும். கைக்கு அஞ்சிப் பொய் சொல்லவும், உள்ளத்தில் இல்லாததை வெளியே காட்டவும் பழகும். நாளடைவில் அதுவே குணமாகிவிடும் என்று விளக்கினார். பிள்ளை பொய் சொல்கிறது என்று குறைப்படும் பெற்றோர், அந்தப் பொய்யின் வேர் எங்கே இருக்கிறது என்று தேட அவர் காட்டிய வழி இது. ஒன்று மனத்தில் பதியும்முன் மற்றொன்றைத் திணிக்கக்கூடாது, படிப்படியாகத் திரும்பத் திரும்பச் சொல்லித்தரவேண்டும் என்பதும் அவருடைய கொள்கை.

நம் நாட்டில்

தமிழகத்துக்கு வருவோம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உள்நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். கலெக்டர்கள் அனுப்பிய அட்டவணைகளில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று தனிப் பத்தியே உண்டு. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்து. ஓதப்பள்ளியில் பலகையில் அலிஃப், பே, தே. பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையும் இருந்தது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இம்முறையைத் தழுவி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட, அது இங்கிலாந்தில் பரவியது. சிறுவர் ஷாஃபிஈ மக்காவில் செய்த வேலையும் ஏறத்தாழ இதுதானே!

நம் முன்னோர் இன்னொரு வழியையும் கண்டிருந்தனர். அது அரபுத் தமிழ். ஓதப்பள்ளியில் அரபு எழுத்துகளைக் கற்ற பிள்ளை, சில கூடுதல் குறிகளை அறிந்துகொண்டால் அதே எழுத்தில் தாய்மொழியையும் படிக்கலாம். கீழக்கரை செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர். ஒரே எழுத்தில் இரண்டு மொழிகள். பிள்ளைக்குச் சுமை குறைவு, பொருளும் விளங்கும். ஆனால் காலம் மாறி, அலுவலகமும் செய்தித்தாளும் தமிழ் எழுத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தபோது, அரபுத் தமிழ் மட்டும் அறிந்தவர்கள் அவற்றின் வாசலிலேயே நின்றுவிட நேர்ந்தது.

பள்ளிக்கு அனுப்பினால் மார்க்கம் போய்விடுமோ என்னும் அச்சம் அக்காலத்தில் பலரிடம் இருந்தது. 1882இல் அமைந்த ஹன்டர் கல்விக்குழு, முஸ்லிம்களின் ஓதப்பள்ளிகள் பொதுப்பாடங்களையும் சேர்த்துக்கொள்ள ஊக்கம் தரவேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் கண்டியில் வழக்கறிஞர் சித்தி லெப்பை (1838–1898) முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கி, இலங்கை முஸ்லிம்களிடம் கல்விக்காக மன்றாடினார். அங்கே நாடுகடத்தப்பட்டிருந்த எகிப்தியத் தலைவர் அராபி பாஷாவின் ஆதரவும் சேர, 1892இல் கொழும்பில் ஸாஹிறா தோன்றியது. மார்க்கமும் உலகக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் இருக்கமுடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்புவரைதான். ஆயினும் 1938இல் காதலா கடமையா என்னும் நாவலை வெளியிட்டார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணிகளுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். அந்த நாவலுக்கு உ.வே.சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். தொடக்க வகுப்புகள் மூன்றும் ஒரு பிள்ளைக்கு எதைத் தரமுடியும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்டுவார்? நான்காம் வகுப்பைப் பெறாத எத்தனை சகோதரிகள் எழுதாமலே போனார்கள் என்பதையும் அது நினைவூட்டுகிறது.

இன்றைய பெற்றோருக்கு

இவ்வரலாற்றை வைத்து நம் வீட்டைப் பார்ப்போம். காலை ஆறரைக்கு மக்தப், ஒன்பதுக்குப் பள்ளி, மாலை ஐந்துக்கு டியூஷன், மஃரிபுக்குப் பின் வீட்டுப்பாடம். ஆறு வயதுப் பிள்ளையின் நாள் பல வீடுகளில் இப்படித்தான் ஓடுகிறது. மக்தபைக் கேட்டால் அது ஒரு மணி நேரந்தான் என்பார்கள். பள்ளியும் டியூஷனும் அவ்வாறே தத்தம் கணக்கைச் சொல்லும். மொத்தக் கணக்கைக் கூட்டிப்பார்க்கும் பொறுப்பு பெற்றோருக்கு மட்டுமே உண்டு. கூட்டியபின் கஸ்ஸாலி இமாம் கேட்ட விளையாட்டு நேரம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிடில் முதலில் விடவேண்டியது டியூஷனே.

நம் பிள்ளைகள் இடமிருந்து வலமாகத் தமிழும் ஆங்கிலமும், வலமிருந்து இடமாக அரபியும் ஒரே ஆண்டில் கற்கிறார்கள். சில வீடுகளில் உருதுவும் உண்டு. எழுத்தைத் திருப்பிப் போடுவதும், வரியை மறுமுனையிலிருந்து தொடங்குவதும் இவ்வயதில் இயல்பு. அதை மந்தம் என்று பெயரிடாதீர்கள். ஆண்டுகள் சென்றும் மாறாவிட்டால், அல்லது கரும்பலகையைப் பார்க்கப் பிள்ளை கண்ணைச் சுருக்கினால், கூப்பிட்டது கேளாததுபோல் இருந்தால், கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள், பிரம்பைத் தேடாதீர்கள்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச்செய்வதையும் தடை செய்கிறது. சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதையும் தடுக்கிறது. ஆனால் 2012இல் வந்த திருத்தத்தின்படி, மதரஸாக்களும் மற்றச் சமயக் கல்வி நிலையங்களும் அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே உள்ளன. எனவே மக்தபில் பிள்ளையின் கண்ணியத்தைக் காக்கும் முதற்பொறுப்பு ஜமாஅத்தையும் பெற்றோரையுமே சாரும். இப்னு ஸஹ்னூன் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே எல்லை வகுத்துவிட்ட காரியத்தில், இன்று அவரைவிடப் பின்தங்கி நிற்பது நமக்கு அழகன்று. உஸ்தாதின் ஊதியத்தை மாதம் தவறாமல் கொடுப்பதும், ஒரே உஸ்தாதிடம் அறுபது பிள்ளைகளை ஒப்படைக்காமல் இருப்பதும் இப்பொறுப்பில் அடங்கும். களைத்த ஆசிரியரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகாது.

ஒப்பிடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை குர்ஆன் முடித்துவிட்டது என்ற சொல், அலிஃபைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அலிஃபின் மேலேயே வெறுப்பை உண்டாக்கும். செல்வரையும் ஏழையையும் சமமாக நடத்தும்படி ஆசிரியருக்குச் சொன்ன மார்க்கம், தம்பியையும் அக்காவையும் சமமாக நடத்தும்படி நமக்கும் சொல்கிறது.

இரவில் பத்து நிமிடமேனும் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிமார் நபிமார்களின் வரலாறுகளைச் சொல்லட்டும். எழுத்து அறியும் முன் சொற்களை அறிந்த பிள்ளைக்கு எழுத்து எளிதில் வசப்படும்.

இறுதியாக, மதீனத்துச் சிறுவனிடம் திரும்புவோம். அவன் பெயர் நமக்குத் தெரியாது. பின்னர் எழுதக் கற்றானா என்பதும் தெரியாது. அழுதுகொண்டு ஓடிவர அவனுக்கு ஓர் இடம் இருந்தது என்பது மட்டும் தெரியும். முதல் வகுப்பில் எத்தனை மதிப்பெண் எடுத்தோம் என்பதை நம்முள் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பள்ளிவிட்டு வந்த அன்று வாசலில் யார் நின்றார்கள், என்ன கேட்டார்கள் என்பது நினைவிருக்கிறது. நாளை மாலை உங்கள் பிள்ளை வரும்போது, நோட்டைக் கேட்கும் முன், பையை வாங்கி வைத்துவிட்டு, இன்று என்ன நடந்தது வாப்பா என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக்கி, அவர்களுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.